தண்ணீரில் நின்ற முட்டைகள்

நான் பெரியவளானபோது எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் இருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றால் குச்சு கட்டி என்னைத் தனியே உட்கார வைத்தார்கள். இனிப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அதை மாற்ற முடியாது.

காலையில் அம்மா ஒரு பச்சை முட்டை கொண்டுவருவாள். எங்கள் கோழி அன்றைக்கு இட்டதாக இருக்க வேண்டும்; ஓட்டில் இளஞ்சூடு தெரியும். உச்சியில் சின்ன ஓட்டை போட்டுத் தருவாள். அண்ணாந்து ஒரே மடக்கில் விழுங்கியதும் அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் நிரப்பி நீட்டுவாள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். முந்தின நாள் முட்டை எனக்குக் கிடையாது. அதைக் கழுவாமல் துணியால் துடைத்து, அடை வைப்பதற்காகக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்துவிடுவாள். கோழி இடாத நாளில் எனக்கு வெறும் எண்ணெய்தான்.

அப்போதுதான் தேவாரம் ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கூடை நிறைய முட்டை, ஒரு தூக்குவாளியில் நல்லெண்ணெய். தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவள். அவள் கொண்டுவந்த முட்டையை நான் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்றுதான் எங்கள் பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

“ஏ தம்பி, இனி என்ன பள்ளிக்கூடம்? வைகாசியில முடிச்சிருவோம். எம்மகன் மலையில ஏலக்காத் தோட்டத்துல இருக்கான். படிச்ச புள்ள, ஒவ்வொரு காயா எண்ணிக் காயப் போடட்டும்” என்று சிரித்தாள்.

அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பில் நான் முதலாவதாக வந்ததெல்லாம் அக்காவின் முன்னால் அவருக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கீற்று இடுக்கு வழியாகப் பார்த்தேன். புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும்; நாளானது நிற்கும், கெட்டது மிதக்கும். அத்தையின் முட்டைகளில் பல நெட்டுக்குத்தாக நின்றன. சில மேலே மிதந்தன.

“என்னடி செய்றே? என் முட்டையவா சோதிச்சுப் பாக்குறே?”

“பச்சையாக் குடிக்கிற புள்ள, மதினி. பாக்காமக் குடுக்க முடியுமா?”

“இவ இன்னைக்கோ நாளைக்கோ ஆளாவான்னு மாசியில இருந்து எங்க வீட்ல ஒருத்தருக்கும் குடுக்காமச் சேத்து வச்சேன்டி!”

அவள் சொன்னது பொய்யில்லை. அப்படி ஆசையாகச் சேர்த்து வைத்ததைத்தான் சித்திரை வெயில் கெடுத்திருந்தது.

“நல்லதா இருக்கிறத அவிச்சுக் குடுக்குறேன். பச்சையாக் குடுக்க மாட்டேன்” என்றாள் அம்மா.

“என் கையால குடிக்காதவ என் வீட்டுக்கு மட்டும் எப்படி வருவா? நீ சொல்லு தம்பி.”

அப்பா சட்டியை எட்டிப் பார்த்தார்.

“மிதக்குதேக்கா” என்றார்.

அத்தை வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சடங்கு முடிந்து குச்சைப் பிரித்துக் கொளுத்திய நாளில் அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். பெண் கேட்க வேறு யாரும் இல்லாமல், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேச்சில்லாமல் நான் வீட்டில் கிடந்தேன்.

கோடை விடுமுறை முடிந்த ஒருநாள் காலை அப்பா வாசலில் நின்று, “கெளம்பு” என்றார். வழியெல்லாம் முன்னால் நடந்தார். பள்ளிக்கூட வாசலில்தான் திரும்பினார்.

“முட்டை கெட்டதுக்கு அக்கா என்ன செய்வா? போய்ப் பேசிட்டு வர்றேன். நீ உள்ள போ.”

தேவாரம் பஸ்சுக்கு வேகமாக நடந்தார். சாயங்காலம் திரும்பி வந்தவர், அத்தை என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையிலும் வாசலில் நின்று, “கெளம்பு” என்றார்.