மூடியே இருந்த கண்

என் கணவருக்குக் கண்ணடிக்கிற மனிதர் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு பெயர் இருந்தது. கலியாண வீட்டுப் பந்தியில் எதிரே இருப்பவரோடு பேசும்போது அவருடைய இடக்கண் பாதி மூடியிருக்கும். அறியாதவர்கள் குறும்பு என்று நினைப்பார்கள். அவருக்கும் குறும்புக்கும் வெகுதூரம். அது வேலை பழக்கிவிட்ட பழக்கம்.

லா ஷோ-து-ஃபோன் என்ற மலையூரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. மணிக்கூட்டுக்குள் போகும் சின்னஞ்சிறு துண்டுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அதற்கு லூப் என்ற சிறிய பூதக்கண்ணாடியை வலக்கண்ணில் இடுக்கிக்கொண்டு இருப்பார். மற்றக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இவருக்கு அது சரிவரவில்லை. வந்த நாள் முதல் இடக்கண்ணை மூடித்தான் பார்த்தார். வீட்டில் கடிதம் வாசித்தாலும், மீனில் முள் எடுத்தாலும், அந்தக் கண் தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் சீனி வருத்தம் இருவருக்கும் பொது. அவருக்கு முதலில் வந்தது, எனக்குப் பின்னால் வந்தது. சோதிக்கும் கருவி ஒன்று, பிட்டுக்குச் சிவப்பு அரிசிமா ஒன்று, சீனி போடாத தேத்தண்ணிக்குக் கேத்தல் ஒன்று. ஆனால் கண் சோதனைக்கு மட்டும் நான் தனியாள். நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுதோறும் கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று குடும்ப மருத்துவர் இருவருக்கும் ஒரே நாளில்தான் சொன்னார். நான் போனேன். அவர் போகவில்லை. கண்ணுக்குள் மருந்துத் துளி விட்டால் அரை நாளைக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், அந்த அரை நாள் லூப்பைப் பிடிக்க முடியாது என்பது முதல் சாட்டு. இரண்டாவது சாட்டில் பெருமையும் கலந்திருக்கும்.

"தலைமயிரிலும் மெல்லிசான கீறலை நான் கண்டுபிடிக்கிறன். எனக்கோ கண் சோதனை?"

நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அவர் பேசாமல் லூப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த அமைதியோடு யார் சண்டை பிடிக்க முடியும்? நான்தான் களைத்துப் போவேன்.

ஒரு குளிர்காலத்தில் என் முறை வந்தபோது அவரும் துணைக்கு வந்தார். துளி விட்ட பிறகு இந்த ஊரில் தனியாக நடப்பது எனக்குப் பயம். நீளத் தெருக்கள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராகக் கிடக்கும், குறுக்குத் தெருக்களோ செங்குத்து. அதில் உறைபனி வேறு.

கண் மருத்துவரிடம் துளி விடுவதற்கு முன்னால் சுவரில் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள். எனக்குப் பிரெஞ்சு எழுத்துகளின் பெயர்கள் வாயில் நுழையாது. இத்தனை வருடமாக முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறேன், அங்கே வெங்காயத்தோடும் கிழங்கோடும்தான் எனக்குப் பேச்சு. அவருடைய பிரெஞ்சு நல்லது. என்னோடு உள்ளே வந்து, மூலையில் கிடந்த கதிரையில் இருந்துகொண்டு, நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டிருந்தார். உதவியாளராக இருந்த பெண் சிரித்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அவர் அப்படிச் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இடக்கண்ணை மூடி வாசித்தேன். அவரும் போட்டிக்குத் தன் இடக்கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் மளமளவென்று சொல்லிவிட்டார். அடுத்து வலக்கண்ணை மூடச் சொன்னாள். நான் மூடி வாசித்தேன். இரண்டு எழுத்தைப் பிழையாகச் சொன்னது எனக்கே தெரிந்தது. திருத்தக் குரல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையால் வலக்கண்ணைப் பொத்தியபடி, கழுத்தை நீட்டி, தலையை அப்படியும் இப்படியும் சரித்துச் சுவரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை உணர்ந்ததும் கையை எடுத்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

எனக்குத் துளி விட்டார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். வெளியே வந்தபோது வெயிலும் பனியும் சேர்ந்து என் விரிந்த கண்களைக் குத்தின. அவர் என் கையைப் பிடித்துக் கவனமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஏதாவது சொல்வார் என்று பொறுத்துப் பார்த்தேன். தெருமுனை வந்துவிட்டது. அதற்குமேல் பொறுக்க என்னால் முடியவில்லை.

"இஞ்சருங்கோ, நில்லுங்கோ. வலக்கண்ணைப் பொத்திப்போட்டு என்ர முகத்தைப் பாருங்கோ."

அவர் பொத்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"தலைமயிர் தெரியுது, தோள் தெரியுது. நெத்தியைப் பாத்தா நெத்தி இல்லை. பொட்டைக் காணேல்லை."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து காலையில் முகம் கழுவியதும் பொட்டு வைக்காமல் நான் அவர் முன்னால் நின்றதில்லை. அதைக் காணவில்லை என்று கட்டியவரே சொல்கிறார். பயமும் கோபமும் ஒன்றாகவே வந்தன. அந்தக் கண் எப்போது போனது? மூடியே இருந்த கண்ணில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிகிற கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்றார். போனால் லூப்பைத் துடைக்கத் தொடங்குவார் என்று எனக்குத் தெரியும். கண் தெரியாத நான், கண் தெரிகிற அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த மேட்டில் திரும்ப ஏறினேன். இந்த நாட்டில் முன்கூட்டியே நேரம் கேட்டு ரொந்தேவூ எடுக்காமல் தும்மக்கூட முடியாது. அந்த உதவியாளர் பெண்ணும் அதையேதான் சொன்னாள். நான் என் உடைந்த பிரெஞ்சில், அவருக்கும் நீரிழிவு, இடக்கண்ணின் நடுவில் ஒன்றும் தெரியவில்லை, பார்க்காமல் போகமாட்டேன் என்று சொல்லி வாசலில் நின்றேன். அவர் வெட்கத்தில் கூனிக் குறுகி நின்றார். அவள் அவரை இருத்தி எழுத்துகளை வாசிக்க வைத்தாள். பிறகு எழுந்து போய் மருத்துவரை அழைத்து வந்தாள். அவருக்கும் துளி விட்டுப் படம் எடுத்தார்கள்.

இடக்கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி கசிவால் வீங்கியிருந்தது. அது நாள்பட்டது, ஊசிகள் போடலாம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். வலக்கண் படத்தையும் காட்டினார். அங்கேயும் எளிதில் உடையும் மெல்லிய இரத்தக்குழாய்கள் புதிதாக முளைக்கத் தொடங்கியிருந்தன. அவை வெடித்தால் இருட்டிவிடும், அதுவரை ஒரு வலியும் இராது, ஒரு கீறலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. நல்ல வேளைக்கு வந்தீர்கள் என்றார். துளியின் மங்கலோடும் என் கணவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கீறல் பார்க்கும் மனிதர் அல்லவா, எங்கே பழுது என்று காட்டாமலே கண்டுபிடித்துவிட்டார்.

வலக்கண்ணுக்கு லேசர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை. இடக்கண்ணுக்கு மாதாமாதம் ஊசி. கண்ணுக்குள் ஊசி என்று கேட்டாலே எனக்குத் தலை சுற்றும். அவர் தானாகவே போய் ஊசிக்குப் படுப்பார். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மாலையில் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடியே வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு நிமிர்வார். நான் எதிரே போய் நிற்பேன். காணேல்லை என்பார், கொஞ்சம் கலங்கலா இருக்கு என்பார், பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்போம். நான் தைரியம் சொல்வேன். அடுத்த ஊசிக்குப் பார்க்கலாம் என்பேன். சமையலறைக்குப் போய் அழுதும் இருக்கிறேன்.

போன பங்குனியில் ஒரு நாள் நான் வேலையால் பிந்தி வந்தேன். முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே ஓடி வந்து நின்றேன். அவர் குனிந்தபடியே கண்ணைப் பொத்தி, நிமிர்ந்து, என் நெற்றியை நேராகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இண்டைக்கு வடிவாத் தெரியுது," என்றார். "உம்மட பொட்டு நல்ல சிவப்பா இருக்கு."

என் கை நெற்றிக்குப் போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். பொட்டு நான் இன்னும் வைக்கவில்லை.

"ஓம்," என்றேன். "இண்டைக்குப் புதுக் குங்குமம்." அவர் கையைக் கண்ணிலிருந்து எடுப்பதற்குள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நல்ல சிவப்பாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.