விலையட்டை அறுக்காத பை

எங்கள் மாப்பிள்ளை கிட்டுசாமி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் பிறந்தவர். சான் ஹோசேவில் கம்ப்யூட்டர் வேலை. குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. என் மகள் வள்ளியை இதுநாள் வரை முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும், வாங்கிவிட்டோம் என்று அவர் மனசு ஒத்துக்கொள்ளாது. விலையட்டையை அறுக்க மாட்டார். அட்டைப் பெட்டியை எறிய மாட்டார். சோபாவுக்குக் கடையில் போட்ட கண்ணாடித்தாள் உறை இன்னும் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்தால் கரகரக்கும், எழுந்தால் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கேட்டால், பிடிக்காவிட்டால் ரிட்டர்ன் பண்ணிக்கொள்ளலாம் என்பார். அந்த சோபா வந்தபோது பேத்தி வெண்பாவுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது அவள் கார் ஓட்டுகிறாள்.

வள்ளி அதற்கு ஒரு காரணம் சொன்னாள். கிரீன் கார்டு வராத காலத்தில், வேலை போனால் உடனே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்கிற பயத்திலேயே இருந்தார்களாம். எதையும் சொந்தம் என்று நினைக்கக்கூடாது என்று அப்போது பிடித்த பழக்கம். கார்டு வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நான் உட்காரும் இடத்தில் மட்டும் உறையைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். அதை ரிட்டர்ன் எடுக்க எந்தக் கடைக்காரன் வருகிறான் என்று பார்க்கலாம்.

வெண்பாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருசம். கோடை முடிந்தால் தொலைதூரத்துக் காலேஜுக்குப் போய்விடுவாள். அப்பனிடம் அவள் பேசுவது கார் சாவி கேட்க மட்டும்தான். அப்படிப்பட்ட பெண் ஒரு நாள் தோசைக்கு நடுவே, பனிமலைக்குப் போகும் அவளுடைய கூட்டத்தோடு சனிக்கிழமை அப்பாவும் வரலாமே என்று கேட்டாள். ஆளுக்கு ஒரு பெரியவரைக் கூட்டி வரலாமாம். வள்ளியை விட்டுவிட்டு அப்பனைக் கேட்டாள். மாப்பிள்ளை கையில் இருந்த தோசையைக் கீழே வைத்துவிட்டார். கண் கலங்கியதைச் சட்னி காரம் என்று சொல்லிச் சமாளித்தார். சட்னி நான் அரைத்தது. அதில் காரமே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. தகுந்த முதுகுப்பை இருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லார் பையையும் பார்ப்பார்கள். தயாராக இல்லாதவர் மலைக்கு வர முடியாது. அப்படி ஆகிவிட்டால் இன்னொரு தடவை கேட்க மாட்டேன் என்று வெண்பா சொல்லிவிட்டாள்.

அந்த மலையில் ஆளை மேலே தூக்கிப்போகும் நாற்காலி ஒன்றும் கிடையாது. சிலர் ஸ்கீ பலகையைக் காலில் மாட்டிக்கொண்டே ஏறுவார்கள். சிலர் முறம் மாதிரி ஒன்றைச் செருப்புக்கடியில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். காலையில் ஏறிச் சாயங்காலம் திரும்புவதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாப்பிள்ளை மூன்று பை கொண்டுவந்து ஹாலில் பரப்பிவிட்டார். சாம்பல் நிறப் பை காசிக்குப் போகிற அளவு பெரிது. சிவப்புப் பையை முதுகுப் பக்கமாகத் திறக்கலாம். அதனால் பனியில் கிடத்தினாலும் முதுகு படுகிற பக்கம் நனையாது. நீலத்தில் பலகையைக் குறுக்கே கட்டிக்கொள்ள வார் இருந்தது. பனி சரிந்து ஆள் புதைந்துபோனால் குத்திப் பார்க்க நீளக் கம்பியும், தோண்டி எடுக்க மண்வெட்டியும் வேண்டுமாம். அவற்றுக்குத் தனி அறை இருக்க வேண்டுமாம். அவசரத்தில் சோற்றுப் போசிக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கக் கூடாது என்றார். நியாயம்தான். அதற்காகச் சோறு இல்லாமல் அனுப்ப முடியுமா?

ஒவ்வொரு பையிலும் அரிசி மூட்டையைத் திணித்து மாடிப்படி ஏறி இறங்கினார். பனிக் கையுறை போட்டுக்கொண்டு கொக்கியை மாட்டிக் கழற்றினார். அதே கையுறையோடு காபியும் குடித்துப் பார்த்தார். கடையில் ஒரு பெண் கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை டேப் வைத்து அளந்து, உயரத்துக்கு முதுகு குட்டை என்று சொல்லிவிட்டாளாம். அன்றைக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார்.

புதன்கிழமையும் மூன்று பையும் ஹாலில்தான் கிடந்தன. வெண்பா தாண்டிக் குதித்துப் போனாள். எதையாவது ஒன்றை எடு என்று கெஞ்சினாள். மாப்பிள்ளை நீலத்தின் இடுப்பு வாரைப் பற்றித் தொடங்கி சிவப்புக்கு வருவதற்குள் அவள் அறைக் கதவு சாத்தியாகிவிட்டது.

வியாழக்கிழமை எங்கள் வீட்டு கராஜில்தான் எல்லாரும் கூடினார்கள். கூட்டத்துக்குத் தலைவன் ஷ்ரேயஸ் என்கிற பையன். கண்ணாடி போட்டவன், மரியாதை தெரிந்தவன். மாப்பிள்ளை கடைசி நிமிசத்தில் நீலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்வெட்டி உள்ளே போனது. பலகை வாரில் நின்றது. புளிச்சோற்று டப்பாவை ஷ்ரேயஸ் வெளியே எடுத்து வைத்தான். நான் உள்ளே வைத்தேன். அவன் எடுத்தான். நான் வைத்தேன். பிறகு அவனே ஜாக்கெட்டுக்கு அடியில் இடம் பண்ணிக்கொடுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்கும்போது கறுப்பு மார்க்கரை நீட்டினான். பை எங்கேயாவது தனியாகக் கிடந்தால் அடையாளம் தெரிய, மேல் மூடியில் பேரும் போன் நம்பரும் பெரிதாக எழுத வேண்டும் என்றான். மற்றவர்கள் மளமளவென்று எழுதினார்கள். மாப்பிள்ளை மார்க்கர் மூடியைக் கழற்றினார். கை பைக்கு மேலேயே நின்றது.

"தம்பி, பேப்பர்ல எழுதி டேப் போட்டு ஒட்டிக்கட்டுங்களா?"

"ஸ்னோல பேப்பர் நிக்காது அங்கிள்."

"நூல்ல கட்டி ஒரு அட்டை?"

ஷ்ரேயஸ் பை ஓரத்துக்குள் விரலை விட்டு, மடித்துச் செருகியிருந்த விலையட்டையை வெளியே இழுத்தான். "அட்டை ஏற்கெனவே ஒண்ணு தொங்குதே அங்கிள்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெண்பா சிரிக்கவில்லை. தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"விடுங்க அண்ணா. டாட் சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கறார். என்கூட வர்றதையும்தான். ரிட்டர்ன் பண்ணிடுவார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கடையில் சாமான் விலை சொல்வது போலச் சொன்னாள்.

மாப்பிள்ளை குனிந்தார். மார்க்கரை அழுத்திப் பிடித்து எழுத ஆரம்பித்தார். எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பேருக்கே மூடி முழுக்கப் போய்விட்டது. போன் நம்பர் பக்கவாட்டில் இறங்கி அடிப்பாகம் வரைக்கும் ஓடியது. எழுதி முடித்துக் கத்தரிக்கோல் கேட்டார். எடுத்து வர வள்ளி உள்ளே போவதற்குள், விலையட்டையைப் பல்லால் கடித்து அறுத்துத் துப்பிவிட்டார்.

சனிக்கிழமை விடியும் முன்னே இருவரும் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது மாப்பிள்ளைக்கு நடை கோணலாக இருந்தது. பைக்குள்ளிருந்து உறிஞ்சிக் குடிக்கிற தண்ணீர்க் குழாய் உறைந்துபோய், மகள் பாட்டிலிலிருந்து குடித்தாராம். புளிச்சோறும் உறைந்து கல்லாகிவிட்டதாம். அதை நான் நம்பவில்லை. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கிளறிய சோறு எப்படி உறையும்?

ஹாலில் தரையிலேயே குப்புறப் படுத்துவிட்டார். வள்ளி தைலம் தேய்த்தாள்.

"அத்தை, அந்தச் செவப்பே எடுத்திருக்கோணுமுங்க. இது இடுப்பெல்லாம் உரசுது."

சிவப்பு இன்னும் ரிட்டர்ன் பண்ணாமல் அலமாரியில்தானே இருக்கிறது, அடுத்த தடவைக்கு அதை எடுத்துக்கொள்ளலாமே என்றாள் வள்ளி.

"இனி எங்க? இதுல பேரு எழுதியாச்சே."

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த வெண்பா நின்றாள். அடுத்த சனிக்கிழமை இதைவிடச் சின்ன மலைதான், வர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். மாப்பிள்ளை தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கன்னம் தரையில் பட்டபடியே, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.