முழு சார்ஜில் ஓர் இறக்கம்

மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து நான் பிரேக்கை மறந்தே போனேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். அப்போது பேட்டரிக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏறும்.

கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில், சூளகிரியில் காரை சார்ஜில் போட்டுவிட்டு டிபன் முடிப்பதற்குள் சார்ஜ் நூறைத் தொட்டிருந்தது. பெருமையாகக் கிளம்பினேன். சற்று தூரத்திலேயே இறக்கம். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போகும் மாடு ஒன்று குறுக்கே வந்தது. காலை எடுத்தேன், வேகம் குறையவில்லை.

"பிரேக்க மிதிங்க!" என்று பக்கத்து சீட்டிலிருந்து மனைவி அலறினாள். மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

ஆக்சிலரேட்டரை விட்டாலே நிற்கும் கார் அன்று மட்டும் ஏன் நிற்கவில்லை? சர்வீஸ் சென்டரில் கேட்டேன்.

"நெறஞ்ச கொடத்துல தண்ணி புடிக்க முடியுமா சார்? பேட்டரி ஃபுல்லா இருந்தா, கால எடுத்ததும் தானா புடிக்கிற அந்த பிரேக் புடிக்காது."

இப்போது இறக்கத்துக்கு முன்னால் எண்பதிலேயே சார்ஜை நிறுத்திவிடுகிறேன். கிளம்பும்போது பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காட்டச் சொல்கிறாள் மனைவி. மறுபேச்சில்லாமல் காட்டுகிறேன்.