நண்பன் எழுதாத கடிதம்

துபாய் கராமாவில் எங்கள் ரூமுக்குக் கீழே உள்ள டீக்கடைக்கு மாலைதோறும் வருவார், மகன் வீட்டில் தங்கியிருந்த அமெரிக்கக் கறுப்பினப் பெரியவர். நரைத்த தாடி, கையில் தடி. யாரைப் பற்றிக் குறை சொன்னாலும், "அவரிடமே கேட்டாயா?" என்பார்.

"ஜட்ஜையா ஆரம்பிச்சுட்டாரு," என்பார் டீ மாஸ்டர்.

ரூம்மேட் என்னை முதலாளியிடம் போட்டுக்கொடுத்ததாக, பெயர் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்திருந்தது. இனி அவன் முகத்திலேயே விழிக்கமாட்டேன் என்று பெரியவரிடம் சொன்னேன்.

"அமெரிக்காவில் எங்கள் கறுப்பின மக்களின் உரிமைக்காக அன்று இரண்டு இயக்கங்கள் இருந்தன. நான் ஒன்றில், நண்பன் மற்றதில். என்னைத் துரோகி என்று திட்டி அவன் பெயரில் கடிதம் வந்தது. பேச்சை நிறுத்திவிட்டேன். பல வருடம் கழித்து அரசாங்கக் கோப்பைப் பார்த்தால், கடிதத்தை எழுதியதே எங்களை வேவு பார்த்த அதிகாரிகள்."

"நண்பர்?"

"அதற்குள் இறந்துபோய்விட்டான்."

தடியால் மாடியைக் காட்டினார். ஏறிப் போய்க் கேட்டேன்.

"லூசாடா நீ? நான் எதுக்குடா உன்னைப் போட்டுக்கொடுக்கப் போறேன்?" என்றான் ரூம்மேட்.

ஜன்னல் வழியே பார்த்தேன். டீ ஆறிக்கொண்டிருக்க, பெரியவர் வெயிலில் எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.