போகிறவர்களுக்கு ஒரு முக்காலி

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அப்பாவின் வரலாற்றை, “அக்கா, நீங்கள்தான் எழுத வேண்டும்” என்று தம்பி சொல்லிவிட்டான். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத எனக்கு வராது. இரண்டு வரி எழுதுவதும், எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பதுமாகத்தான் இது எழுதப்படுகிறது. அப்பாவும் அப்படித்தான். சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்து, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக இருப்பார்.

அப்பா பிறந்தது கோபிப் பக்கம் ஒரு சிற்றூரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வெள்ளைக்காரர்கள் போய்ச் சில வருடங்களில், தச்சு வேலை தெரிந்த தாய்மாமனோடு குன்னூருக்கு வந்து, வெடிமருந்து ஃபாக்டரியில் மரப்பெட்டி அடிக்கும் பிரிவில் சேர்ந்தார். பக்கத்திலேயே ஜெகதளாவில் இந்த வீட்டை ஒவ்வோர் அறையாகக் கட்டினார். மழைக்காலத்தில் இதன் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். அம்மா கடைசிவரை குளிரைத் திட்டியபடியேதான் இங்கே குடித்தனம் நடத்தினார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்பா செய்த முக்காலி ஒன்று இருக்கும். எஸ்டேட்டில் விழுந்த சில்வர் ஓக் மரத்தை வாங்கி அறுத்து, கொல்லைக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் காயவைப்பார். நாலு கால் வைத்தால் மலைத்தரையில் ஏதாவது ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும், மூன்று கால் எங்கே போட்டாலும் ஆடாது என்பார். யாருக்குச் செய்கிறாரோ அவரை நிற்கவைத்து முழங்கால் உயரத்தைச் சாணால் அளந்துகொள்வார். சித்தப்பா மகள் கல்யாணமாகிப் போனபோது ஒன்று, தம்பி வேலை கிடைத்துத் திருப்பூருக்குக் கிளம்பியபோது ஒன்று. என் கல்யாணத்திலும் அண்டா, குத்துவிளக்கோடு ஒரு முக்காலி சீராக வந்தது.

அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஓர் ஆடி மாத மழையில், ஒரு பெட்டியும் அந்த முக்காலியுமாக இந்த வாசலில் வந்து நின்றேன். அப்பா முக்காலியை என் கையிலிருந்து வாங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். கோடாலியால் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். “தண்ணி காஞ்சிருச்சு, போய்க் குளி அம்மிணி” என்றார். குளித்தேன், குளித்துக்கொண்டே அழுதேன். என்னையே பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் எனக்கு இந்த வீட்டில் நிலைகொள்ளவே இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குப் போனேன். அம்மா நோயில் விழுந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். ஆனாலும் வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், என்னைக் கிளம்பச் சொல்லத்தான் வந்திருக்கிறார்களோ என்று எழுந்துபோய் எட்டிப் பார்ப்பேன். அப்பா பாட்டுக்கு மற்றவர்களுக்கு முக்காலி செய்துகொண்டே இருந்தார். எனக்கு மறுபடி ஒன்று செய்யவில்லை. கொல்லையில் அவர் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும். சமையல்கட்டில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவர் தலை நிமிர்ந்தால்தானே.

அம்மாவின் கருமாதிக்கு வந்த அத்தை, அப்பாவின் தங்கை, எல்லார் முன்னாலும் கேட்டே விட்டார். “ஏனுங்கண்ணா, ஊரே உங்க முக்காலில உக்காந்திருக்குது. கூடவே கெடக்கறவளுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கக் கூடாதுங்களா?”

அப்பா காதில் விழாதவர்போல் எழுந்து கொல்லைக்குப் போனார். நான் விடவில்லை, பின்னாலேயே போனேன். “அத்தை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா. இந்த ஊட்டுல நான் யாரு?”

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது போறவங்களுக்குக் குடுக்கறது அம்மிணி. போற எடத்துல உக்கார எடமிருக்குமோ என்னமோன்னு குடுக்கறது. நீதான் வந்துட்டயே, உனக்கெதுக்கு?”

“அப்பறம் அன்னைக்கு ஏன் ஒடச்சீங்க?”

“மறுக்காத் தூக்கீட்டுப் போயிருவயோன்னுதான்” என்றார், இதையெல்லாமா கேட்பது என்கிற மாதிரி.

இத்தனை வருடத்தில் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. சந்தோஷமும் அதோடு சேர்ந்துகொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கருமாதி வீட்டில் இவள் ஏன் இப்படி அலைகிறாள் என்று அத்தை முறைத்தார்.

கடைசி மாதங்களில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாயிற்று. படுக்கச் சொன்னால் கேட்கமாட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பார். மாசி மாதத்தில் ஒரு காலை, காபியைக் குடித்து முடித்து, சுவரில் சாய்ந்தவர் அப்படியே அடங்கிவிட்டார்.

ஐப்பசி மழையென்றும் பாராமல் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஓட்டி வந்த பக்கத்து வீட்டுப் படுகர் குடும்பத்தாருக்கும், இந்தச் சரிவில் அப்பாவைத் தோளில் சுமந்த ஃபாக்டரி நண்பர்களுக்கும், பதினாறு நாளும் கூட இருந்த அத்தைக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். இந்த மலரை முன்நின்று அச்சிட்ட தம்பிக்கும் என் நன்றி.

தம்பிக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு, அப்பா விட்டுப்போன பலகையில் அவனே ஒரு முக்காலி செய்து எனக்குக் கொடுத்தான். உளி பட்டுக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தான். “இந்தக் குளிர்ல தனியா எதுக்குங்கக்கா? ஊட்டை வித்துப்போட்டு எங்ககூட வந்துருங்க” என்றான். பாசத்தில்தான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அன்று கொல்லையில் அப்பா சொன்னது அவனுக்குத் தெரியாது. நானும் அன்று காபி போடுவதாக எழுந்து உள்ளே போய்விட்டேன். அதனால் சொந்தபந்தம் எல்லார் கைக்கும் போகிற இந்த மலரிலேயே பதிலை எழுதுகிறேன். தம்பி, முக்காலி நன்றாக வந்திருக்கிறது, துளிகூட ஆடவில்லை. அதைக் கதவோரம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று திரும்பிப் போகும்போது மறக்காமல் வண்டியில் ஏற்றிக்கொள். இது என் வீடு.