தமிழ் படித்தவளும் எஞ்சின் படித்தவனும்

கரமனையில் எங்கள் தெருவில் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நீங்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். சாயங்காலம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். பிளஸ் டூவுக்கு எந்த குரூப் எடுக்கலாம் மாமா, எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? நானே பத்தாம் வகுப்போடு நின்றவன். என்னிடம் வந்து கேட்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டில் இரண்டும் இருக்கிறது. மகன் பி.டெக். மெக்கானிக்கல். மகள் பி.ஏ. தமிழ். தெருவில் நின்றுகொண்டு பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் உட்காருகிறேன். பெரும்பாலும் ராத்திரி டியூட்டி. விடியும் நேரத்தில் ஸ்டேஷன் மைக்கிலிருந்து வண்டிகளின் பெயர் மூன்று பாஷையில் காற்றில் மிதந்து வரும். எனக்கு அது பாதி தூக்கத்தில் கேட்கும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் படியிறங்கி வந்து சாவியைக் கொடுப்பார்கள். இன்டர்வியூவுக்கும் பரீட்சைக்கும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். தலை ஈரமாக இருக்கும். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைந்திருக்காது. சர்டிபிகேட் ஃபைலைப் பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள்.

முன்பெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். தோளில் கறுப்புப் பை போட்டவன் எஞ்சினியர், கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு பஸ் எங்கே என்று கேட்பான். கையில் ரேங்க் ஃபைல் என்கிற கைடு புத்தகத்தோடு இறங்குகிறவன் பி.ஏ.வோ பி.காமோ படித்தவன், சர்க்கார் கிளார்க் பரீட்சைக்குப் போகிறவன். கொஞ்ச வருஷமாக என் கணக்கு தப்பிப் போகிறது. கறுப்புப் பைக்காரனும் அதே கிளார்க் பரீட்சைக்குத்தான் போகிறான்.

என் மகனும் அப்படித்தான் ஆனான். அவனுக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்த அன்று என் மனைவி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்தான். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து நின்றான். மறுநாளிலிருந்து ரேங்க் ஃபைல் படிக்க ஆரம்பித்தான். அந்தப் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். தங்கச்சியும் அதே பரீட்சை எழுதினாள். ஒரே சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து இருவரும் கேரளத்து நதிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும்.

மகள் தமிழ் எடுத்தபோது லட்டு கிடையாது. என் மனைவியின் அண்ணன் சாலை மார்க்கெட்டில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தமிழா? அது நம்ம வீட்டுல சும்மா கிட்டுகதாக்கும். அதுக்கு எதுக்கு மூணு வருஷம் காலேஜுக்குப் போவணும்?"

மகள் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டு வந்து அப்படியே பேசிக்காட்டுவாள். நாகர்கோவில்காரி பேச்சு, பாறசாலைக்காரி பேச்சு, மலையாளம் கலந்த எங்கள் பேச்சு, எல்லாம் தனித்தனியாக வரும். அது ஒரு படிப்புக்கு உதவுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆசைப்பட்டாள், சேர்த்துவிட்டேன்.

படித்து முடித்து ஒன்றரை வருஷம் வேலை தேடினாள். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். ஒரு பேங்கில் எடுக்கவில்லை. ஒரு ஜவுளிக் கடையில் எடுத்தார்கள், பத்து மணிக்கூர் நிற்க வேண்டும் என்றதும் இவளே வேண்டாமென்று வந்துவிட்டாள். கடைசியில் என் மனைவி ஒரு முடிவு சொன்னாள். சாலை மார்க்கெட்டில் மாமா கடையில் பில்லிங் சீட் காலியாகிறது. இனி ஒரே ஒரு இன்டர்வியூ. அதுவும் போனால் அடுத்த மாசம் ஒன்றாம் தேதி அங்கே போய் உட்கார வேண்டியதுதான். மகள் சரி என்றாள். சரி என்று சொன்னவள், அன்றைக்குப் பூராவும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரே ஒரு இன்டர்வியூ கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து தினமும் எத்தனை ஜனம் வருகிறது பாருங்கள். அவர்களுக்குத் தமிழில் ஃபோன் பண்ணி, எப்போது வரணும், என்ன கொண்டு வரணும் என்று சொல்லும் ஒரு கம்ப்யூட்டரைச் செய்கிறார்களாம். அது என்ன பேச வேண்டும் என்று எழுத ஒரு ஆள் வேண்டும். எந்த டிகிரியும் போதும், ஒரிஜினல் சர்டிபிகேட் கொண்டு வரணும் என்று போட்டிருந்தது.

இன்டர்வியூ திங்கட்கிழமை பத்து மணிக்கு. பஸ் பிடிக்க எட்டு மணிக்கு இறங்க வேண்டும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம். என் மனைவி காலண்டரைப் பார்த்தாள். பிறகு பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். உங்களில் சிலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். புறப்படுகிற நேரம் சரியில்லை என்றால், முந்தியே ஒரு நல்ல நேரத்தில் கூடக் கொண்டுபோகிற சாமான் ஒன்றைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது இறங்கினாலும், போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

குடை வைக்கலாம் என்றேன். குடை என்ன பெரிய சாமானா என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல நேரம் பார்த்து, சர்டிபிகேட் ஃபைலையே கொண்டுபோய் அடுத்த வீட்டு அக்காவின் பூஜை அலமாரியில் வைத்து, ஒரு பூவும் வைத்துவிட்டு வந்தாள். மகன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டியூட்டி முடிந்து வந்தேன். மகளோடு கழக்கூட்டம் வரை நானும் போவதாக ஏற்பாடு. புதுச் சுடிதார் போட்டு, நெற்றியில் சந்தனத்தோடு மகள் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவில் பூட்டு தொங்குகிறது.

அந்த அக்காவின் தங்கைக்கு நாகர்கோவிலில் விடியற்காலையில் பிரசவ வலி கண்டிருக்கிறது. கிடைத்த ரயிலில் ஏறிவிட்டார். ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார், வண்டி பாறசாலை தாண்டிவிட்டது என்றார். ஃபைலைச் சொன்னதும் ஐயோ என்றார். பிறகு, இன்னொரு சாவி தன் கணவரிடம் இருக்கிறது என்றார். அவர் கிழக்கேகோட்டையில் பழக்கடை போட்டிருக்கிறார்.

என் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது மகன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நீயும் அப்பாவும் பஸ்ல போங்க. நான் சாவி வாங்கி, ஃபைலை எடுத்துட்டு வாரேன். நீ அங்க போயி இருந்தா போரும்."

"ஒரிஜினல் இல்லன்னு திருப்பி விட்டா?"

"அவங்க திருப்புகதுக்குள்ள வந்திருவேன். அம்மாவைத் திட்டாண்டாம், கேட்டியா?"

யாரும் திட்டவில்லை.

கழக்கூட்டத்தில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அவளைக் கட்டிடத்தின் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், சர்டிபிகேட் வந்துகொண்டிருக்கிறது என்று இவள் சொல்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் தலையாட்டினாள். கடைசி ஆளாக வைக்கிறோம், அதற்குள் வந்தால் பார்க்கலாம் என்றாளாம்.

எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்த உடம்பு. டீயைக் குடித்தும் கண் செருகியது. அந்தக் கட்டிடம் முழுக்கக் கண்ணாடி. மழை மேகம் அதில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. கட்டிடமே மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது எனக்கு. வாசலில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகிறார்கள். எத்தனையோ வருஷமாக எங்கள் லாட்ஜில் சாவி கொடுத்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். ஈரத் தலை, நெஞ்சோடு சேர்த்த ஃபைல். எல்லாருக்கும் முதுகு மட்டும்தான் தெரிகிறது. முதுகைப் பார்த்து யார் என்ன படித்தவர் என்று சொல்லப் பார்க்கிறேன், ஒன்றுகூடத் தெரியவில்லை. வரிசை மேகத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. என் மகள் எங்கே என்று தேடுகிறேன். எழுந்து போக வேண்டும் என்று நினைக்கிறேன், கால் வரவில்லை.

பைக் சத்தத்தில் கண் விழித்தேன். மழை நன்றாகப் பிடித்திருந்தது. மகன் தொப்பலாக நனைந்து கேட்டில் நிற்கிறான். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஃபைலை எடுக்கிறான். அது மட்டும் நனையவில்லை. கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்காரர் வயசானவர், பாவம், குடையோடு ஓடி வந்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்.

"மோனே, இன்டர்வியூ தொடங்கி. வேகம் அகத்து செல்லு." சீக்கிரம் உள்ளே போ என்று அவனை அவசரப்படுத்தினார்.

மகன் ஒரு நொடி கட்டிடத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"எனக்கில்ல சேட்டா," என்றான். "தங்கச்சிக்காக்கும்."

ஃபைலை உள்ளே ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டான். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் பெஞ்சில் வடிந்துகொண்டிருந்தது.

மகள் வெளியே வரும்போது மழை விட்டிருந்தது. திரும்பும் பஸ்ஸில் உள்ளே நடந்ததைச் சொன்னாள். மூன்று பேர் இருந்தார்களாம். இரண்டு பேர் எஞ்சினியர்கள், அண்ணன் வயசு. அந்தக் கம்ப்யூட்டர் தமிழில் பேசுவதை ஓட்டிக் காண்பித்தார்கள். நாளை காலை ரத்தப் பரிசோதனைக்கு உணவு உட்கொள்ளாமல் வருகை புரியவும், என்றது. மார்த்தாண்டத்திலிருந்து வரும் ஒரு வயசான அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டார்கள். இவள் எழுதிக் கொடுத்தாள்: நாளைக்குக் காலையில் ரத்தம் எடுக்கும்வரை ஒன்றும் சாப்பிட வேண்டாம், காப்பியும் குடிக்க வேண்டாம், பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.

"காப்பி எங்கேருந்து வந்துதுன்னு கேட்டாங்கப்பா. எங்க பக்கத்து ஆளுங்க காப்பியைச் சாப்பாட்டுல சேக்க மாட்டாங்க சார், சாப்பிடாண்டாம்னு சொன்னா ஒரு டம்ளர் காப்பி குடிச்சிட்டுதான் வருவாங்கன்னு சொன்னேன். மூணு பேரும் சிரிச்சாங்க. ஒருத்தர், எங்க அம்மையும் அப்படித்தான்னாரு."

"எடுத்துக்கிடுவாங்களா?"

"தெரியல்லப்பா."

ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தது. ஆறு மாசம் கான்ட்ராக்ட், பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள். சம்பளம் பெரிதில்லை. இவளுக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, அடுப்படியில் அம்மா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமாவிடம் நீயே சொல்லு என்றாள் என் மனைவி. மகள் ஸ்பீக்கரில் போட்டாள். பில்லிங்குக்கு வரவில்லை, வேலை கிடைத்துவிட்டது என்றாள். மறுபக்கம் சாலை மார்க்கெட்டின் இரைச்சல், மூட்டை இறக்கும் சத்தம்.

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்? நல்லதுதான் மோளே. அப்ப எனக்கு பில்லிங்குக்கு யாரு வருவா?" என்றார் மாமா. பிறகு சாதாரணமாகவே சொன்னார். "உன் அண்ணன் சும்மாதானே இருக்கான். அவனை அனுப்பு."

மகன் சாப்பாட்டு மேஜையில் இருந்தான். கையில் ரேங்க் ஃபைல். வீட்டில் எல்லாரும் அவனைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தோம். மகள் ஃபோனை அணைக்கப் போனாள். அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணாம் தேதி வாரேன் மாமா. பரீட்சை ரிசல்ட் வருகது வரைக்கும்."

"நீ போகாண்டாம் அண்ணா," என்றாள் மகள்.

"போடி. கம்ப்யூட்டர் பில்லிங்லா? டெக்னிக்கல் ஜோலியாக்கும்."

அவன்தான் முதலில் சிரித்தான். எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிள்ளைகளே, எந்த குரூப் எடுக்க என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். இப்போது நான் டியூட்டி முடிந்து கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சில நாள் இரண்டு பேரும் அங்கே வந்து இறங்குவதைப் பார்க்கிறேன். அவள் கழக்கூட்டம் பஸ்ஸைப் பார்த்து ஓடுவாள். அவன் அவள் ஏறுகிறவரை நின்று பார்ப்பான். பிறகு கோட்டை வாசல் பக்கம் கூட்டத்துக்குள் திரும்பி, சாலை மார்க்கெட்டுக்கு நடந்து போவான். காலை வெயில் கண்ணில் அடிக்கும். கொஞ்ச தூரம் வரைக்கும் அவன் சட்டை தெரியும்.