கேத வீட்டில் சொல்லக் கூடாதது

என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் சமூகவியல் பேராசிரியர். கரிசல்காட்டுச் சாவுச் சடங்குகளைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்கு எழுதினார். நீர்மாலை எடுப்பது யார், கேத வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் மார்க்கெட்டுக்கு அனுப்பினால் முற்றிப்போன வெண்டைக்காயாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். "படிச்ச மனுசனுக்கு ஊரு ஒலகம் தெரியல" என்று என் பிறந்த வீட்டார் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கட்டிக்கொண்டவளுக்கு அந்த உரிமை கூடவா இல்லை?

போன வருஷம் கடம்பூர் பக்கம் எங்கள் சித்தப்பா இறந்துபோனார். சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. உளுந்தங்காடும் அவருமே உலகமென்று இருந்தவள். அவர் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டார் கொண்டுவந்து வைத்ததெல்லாம் ஆடுகளுக்குப் போயிற்று. அடுப்புப் பக்கமே அவள் திரும்பவில்லை. "எங்கூட வந்து இரு சித்தி" என்றால், "நான் எங்கனயும் வரல ஏட்டி, என்னைய விடு" என்பாள். கூட்டம் கலைந்ததும் இவள் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எனக்குப் பயம்.

காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் வழக்கப்படி வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். கேத வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பேராசிரியரோ, மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனார்.

"போயிட்டு வாரேன் அத்தை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாரேன்."

அட கடவுளே! பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். என் அண்ணன், "மாப்ள, கேத வீட்ல என்ன பேச்சு பேசுதீய?" என்று பாய்ந்தான். சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்கில் திரும்பும்போது நான் விடவில்லை. "அந்தப் பாழாப்போன புஸ்தகத்த நீங்கதான எழுதுனீய? இல்ல, ஆள் வச்சி எழுதுனீயளா?"

"நாந்தான் எழுதுனேன்" என்றார். கொஞ்ச தூரம் போய், "அத்தை மொகத்தப் பாத்ததும் ஒண்ணும் ஞாபகம் வரல. தனியாக் கெடப்பாவளேன்னு இருந்துச்சி" என்றார்.

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? இருந்தாலும் வீடு வரும்வரை திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணன் போன் போட்டான். "அவியள விடாத. சொன்னது பத்தாதுன்னு போகவும் போறாவளா?" இவர் காதிலேயே வாங்காமல் சட்டையை மாட்டினார். சித்திக்கு ஊட்டியாவது விடலாமென்று தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாசலில் இறங்கியதுமே தாளித்த வாசம் வந்தது. சித்தி தலைக்குக் குளித்து, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"மத்தியானம்னு சொன்னீயள்லா மாப்ள? மணி என்னாச்சு, சோறு ஆறிப்போச்சே."

அவருக்கு இலையைப் போட்டாள். "நீங்களும் உக்காருங்க அத்தை. இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்" என்றார் அவர். தயங்கித் தயங்கி எதிரில் உட்கார்ந்தாள். ஒரு கவளத்தை உருட்டி வாயில் வைத்து, வெகுநேரம் மென்று விழுங்கினாள்.

"எல்லாரும் சொல்லாமப் போயிட்டாவ மாப்ள. உங்க மாமாவும் சொல்லாமத்தான் போனாவ."